பகோவில் பார்த்த கலப்புச் செவர்லே

பர்மாவின் (இன்றைய மியான்மர்) ரங்கூனில், போர்க்கால ராணுவ லாரிகளின் மேல் மரக்கூடு கட்டி ஓட்டிய பேருந்துகளைப் பற்றிப் பலரும் இங்கே நினைவுகளைப் பகிர்ந்துவிட்டீர்கள். அவற்றின் உடன்பிறப்பான சரக்கு லாரியைப் பற்றி இதுவரை யாரும் எழுதாததால், ரங்கூனுக்கு வடகிழக்கே உள்ள பகோ பக்கம் ஆலையிலிருந்து கடைகளுக்கு அரிசி மூட்டை கொண்டுபோகும் வண்டி ஒன்றில் ஏறிச் சென்ற அனுபவத்தை எழுதுகிறேன்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கனடாவின் ஃபோர்டு, செவர்லே ஆலைகள் நேச நாட்டுப் படைகளுக்காகப் பொது வடிவம் கொண்ட ராணுவ லாரிகளைச் செய்தன. போர்க்காலத்தில் அந்நாடு கட்டித் தந்த ராணுவ வண்டிகள் மொத்தம் 8 லட்சத்துக்கும் மேல். பர்மாவுக்கு வந்தவற்றில் பல, போர் முடிந்த பிறகு இங்கேயே தங்கிவிட்டன. 1962இல் ராணுவ ஆட்சி வந்த பின் புது வண்டி இறக்குமதி சாதாரண மக்களுக்கு எட்டாக் கனியானதால், எஞ்சின் தேய்ந்தால் வேறொரு வண்டியின் எஞ்சின், கியர்பெட்டி உடைந்தால் இன்னொரு வண்டியின் கியர்பெட்டி என்று மாற்றி மாற்றியே அவற்றை ஓட்டினார்கள்.

நான் ஏறிய வண்டியின் சேஸிஸும் (அடிச்சட்டம்) பின் ஆக்சிலும் (பின்சக்கர அச்சு), சப்பை மூக்குடன் கண்ணாடி முன்பக்கம் சாய்ந்திருந்த தலைப்பகுதியும் செவர்லே. எஞ்சின் இசுசு டீசல். கியர்பெட்டி டொயோட்டா டைனா என்ற சிறு லாரியினுடையது. பின்கூட்டுக்குத் தேக்குச் சட்டமும், மூட்டை உரசும் தரைக்குப் பியின்கடோ என்ற கடினமரப் பலகையும் போட்டிருந்தார்கள். விளக்குகள்கூட இடப்பக்கம் ஒரு ஜாதி, வலப்பக்கம் ஒரு ஜாதி.

ஓட்டுநர் மூன்று தலைமுறையாகப் பகோவில் வாழும் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர். "எஞ்சினைத் தூக்கி வைக்கிறது பெரிய வேலை இல்ல தம்பி, நடுவுல இருக்கிற தட்டைப் பாரு, அதுலதான் மேஸ்திரி கை தெரியும்" என்று சொல்லி, வண்டிக்கு அடியில் என்னைப் படுக்கவைத்துக் காட்டினார். இசுசு எஞ்சினின் போல்ட் துளைகளும் டொயோட்டா பெட்டியின் துளைகளும் ஒன்றோடொன்று பொருந்தாது என்பதால், கனத்த இரும்புத் தட்டு ஒன்றைக் கடைந்து இரண்டுக்கும் நடுவே பொருத்தியிருக்கிறார்கள். கியர்பெட்டியிலிருந்து நீளும் தண்டின் முனை, எஞ்சினின் பின்முனையில் சுழலும் கனத்த சக்கரமான ஃபிளைவீலின் நடுவிலுள்ள சிறு பேரிங்கில் உட்கார வேண்டும். தட்டின் மையம் மயிரிழை விலகினாலும் பேரிங் அரைபட்டு, கிளட்ச் தட்டும் நாளடைவில் வெடித்துவிடும். அதனால் மேஸ்திரி பழைய பெட்டியிலிருந்து வெட்டியெடுத்த தண்டை முதலில் செருகி, கையால் சுற்றிப் பார்த்து, எங்கும் பிடிக்காமல் சுழன்ற பிறகே போல்ட்டுகளை இறுக்குவாராம். கியர்பெட்டியின் சுழற்சியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் முன்பாதி டொயோட்டாவுடையது, பின்பாதி செவர்லேயுடையது. இரண்டையும் பற்றவைக்கும்போது இருமுனைகளிலும் உள்ள இணைப்புக் கவைகள் ஒரே நேர்கோட்டில் நிற்காவிட்டால் வண்டி முழுவதும் அதிரும். நான் சென்ற வண்டியில் முழுச் சுமையோடும் அந்த அதிர்வு இல்லை. வேகம் குறைவுதான், பெட்ரோல் எஞ்சினுக்கு அமைந்த ஆக்சிலை மெதுவாகச் சுழலும் டீசல் இழுக்கிறது. மூட்டை வண்டிக்கு அது குறையே அல்ல.

1970 டிசம்பரில் நாடு சாலையின் வலப்பக்கத்துக்கு மாறிய பிறகும் இவ்வண்டியின் ஸ்டியரிங் வலப்பக்கத்திலேயே இருப்பதால், இடப்பக்கமாக முந்தும்போது எதிரே வருவது ஓட்டுநருக்குத் தெரியாது. இடப்பக்கம் தலையை நீட்டி உட்கார்ந்திருந்த பையன் குரல் கொடுத்த பின்புதான் அவர் முந்தினார்.

2011இல், 40 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டியை ஒப்படைத்தால் இறக்குமதி அனுமதி கிடைக்கும் என்ற திட்டம் வந்தபோது இப்படிப்பட்டவை பல பழைய இரும்பாகப் போயின. அதில் எனக்கு மிகுந்த வருத்தம் உண்டு. ஆனால் மீந்தவற்றை வாங்கி, இசுசுவைக் கழற்றி எறிந்து, பச்சை வண்ணம் பூசி ராணுவ லாரியாகத் திருப்பிக் காட்டுவதையும் என்னால் ஏற்க முடியவில்லை. படையில் ஓடியது சில ஆண்டுகள். அரிசி சுமந்தது அரை நூற்றாண்டுக்கும் மேல். பிந்தைய உருவமே இந்த வண்டியின் உண்மை உருவம் என்பது என் உறுதியான கருத்து.

மௌல்மேன், தாட்டோன் பக்கம் இத்தகைய வண்டி வைத்திருப்பவர்கள் வெளித்தோற்றப் படத்தோடு நிறுத்திவிடாமல், அடியில் படுத்து அந்தத் தட்டையும் ஷாஃப்டின் பற்றவைப்பையும் படமெடுத்து, தட்டின் கனத்தையும் துளை இடைவெளிகளையும் அளந்து எழுதுங்கள். கடைந்த மேஸ்திரி உயிரோடு இருந்தால், அவரிடம் முதலில் கேளுங்கள்.