பாரை வெட்டிய பிறகு பார் நம்பரை மாற்றலாமா?

கேள்வி:
ஆர்கெஸ்ட்ரா பார்ட்டுகளை (ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனியான இசைத் தாள்) நான்தான் தயார் செய்கிறேன். 113 முதல் 136 வரை 24 பார் (கோடு போட்டுப் பிரித்த தாளக் கட்டம்) வேண்டாம் என்று கண்டக்டர் சொல்லிவிட்டார். சாஃப்ட்வேரில் அழித்ததும் 137 இருந்த இடம் 113 ஆகிவிட்டது. வயலின் பார்ட்டுகளை ஏற்கெனவே அச்சடித்துக் கொடுத்தாயிற்று, கண்டக்டரிடம் இருப்பதும் எல்லா வாத்தியங்களும் சேர்ந்த பழைய ஸ்கோர். மிச்சத்தைப் புது நம்பரோடு கொடுக்கலாமா, இல்லை எல்லாவற்றையும் மறுபடி அச்சடிக்க வேண்டுமா?

பதில் 1:
புது நம்பர் வேண்டவே வேண்டாம். கண்டக்டர் "150-இலிருந்து" என்றால் பாதிப் பேர் 24 பார் தள்ளி ஆரம்பிப்பார்கள், ஒத்திகை அதிலேயே போய்விடும். 112-க்கு அடுத்து 137 என்றே இருக்கட்டும். மியூஸ்ஸ்கோர் சாஃப்ட்வேரில் அந்தப் பாரின் பண்புகளுக்குள் போய் நம்பரோடு 24 கூட்டலாம். சிபெலியஸ், டோரிக்கோ இரண்டிலும் நடுவில் நம்பரை மாற்ற வழி உண்டு. எங்கிருந்து தொடங்குவது என்று சொல்லப் போட்டிருக்கும் A, B, C போன்ற ஒத்திகை எழுத்துகளையும் தொடாதீர்கள், இடையில் ஓர் எழுத்து காணாமல் போனால் போகட்டும். வயலின்காரர்கள் பென்சிலால் வெட்டின் தொடக்கத்தில் "வி", முடிவில் "டே" என்று குறித்துக்கொண்டால் போதும், முதல் குறியிலிருந்து அடுத்ததற்குத் தாவ வேண்டும் என்று அர்த்தம்.

பதில் 2:
நான் கிளாரினெட். நம்பரைவிட எனக்கு முக்கியம் வெட்டுக்குள் என்ன இருந்தது என்பதுதான். ஒருமுறை பி ஃப்ளாட்டிலிருந்து ஏ கிளாரினெட்டுக்கு (அரை ஸ்வரம் கீழே ஒலிக்கும் இன்னொரு கிளாரினெட்) மாறச் சொல்லும் குறிப்பு வெட்டோடு சேர்ந்து போய்விட்டது, நான் பி ஃப்ளாட்டிலேயே நுழைந்து எட்டு பார் முழுக்க அரை ஸ்வரம் மேலே வாசித்தேன். மியூட் (ஒலியை அடக்குவது), பிட்ஸிகாட்டோ (வில் இல்லாமல் விரலால் மீட்டுவது), டெம்போ, கீ சிக்னேச்சர் (ஸ்கேலைக் காட்டும் குறி) எது அதற்குள் மாறியிருந்தாலும் 137-இல் திரும்ப எழுதுங்கள், ஒவ்வொரு பார்ட்டாகப் பார்த்து.

பதில் 3:
நீண்ட ரெஸ்ட்டையும் (வாசிக்காமல் எண்ணிக்கொண்டு காத்திருக்கும் பார்கள்) பாருங்கள். டிராம்போனுக்கு 101 முதல் 140 வரை 40 பார் ரெஸ்ட் என்றால் வெட்டிய பிறகு 16. அதை ஒரே கட்டையாகப் போட்டால் நம்பர் தாவுவது கண்ணுக்கே தெரியாது. 12, 4 என்று உடைத்து நடுவில் 137 எழுதுங்கள். 130-இல் ஒரு க்யூ (வேறு வாத்தியம் வாசிப்பதைச் சிறிதாக எழுதிக் காட்டுவது) இருந்திருந்தால் அதுவும் போயிருக்கும், நுழைவதற்கு முன்னால் 139-இல் வேறொன்று கொடுங்கள், எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருப்பவருக்கு அது பெரிய ஆறுதல்.

கேள்வி கேட்டவர்:
நல்லவேளை கேட்டேன். பழைய நம்பருக்கே திரும்பிவிட்டேன். டிம்பனி (சுருதி மாற்றக்கூடிய பெரிய முரசு) பார்ட்டைத் திறந்தால் சுருதி மாற்றும் குறிப்பு 120-இல் இருந்திருக்கிறது, 137-இலேயே அடி விழுகிறது. 105-இலிருந்து அவருக்கு ரெஸ்ட் என்பதால் அந்தக் குறிப்பை 105-இலேயே எழுதிவிட்டேன். அப்புறம் ஹார்ன் பார்ட்டுகள் பாக்கி.