மனுசன் எதுக்காக? கிரேக்க தத்துவமும் ஆரம்பகால கிறிஸ்தவமும் ஒண்ணைத்தான் சொல்லுதா?

தேடல்22:
அரிஸ்டாட்டிலோட நிக்கோமாக்கியன் எதிக்ஸ் முதல் புத்தகத்தை இப்பதான் முடிச்சேன். தச்சனுக்கு ஒரு வேலை இருக்கு, செருப்பு தைக்கிறவருக்கு ஒரு வேலை இருக்கு, மனுசனா பொறந்ததுக்குன்னு ஒரு வேலை இல்லாமலா போகும்னு கேக்குறார். வளர்றது செடிக்கும் உண்டு, பாக்குறது கேக்குறது மிருகத்துக்கும் உண்டு, அதையெல்லாம் கழிச்சா பகுத்தறிவோட வாழுறதுதான் மிச்சம், அதை வாழ்நாள் முழுக்க சிறப்பா செய்றதுதான் நல்வாழ்வுங்கறார். ஆரம்பகால கிறிஸ்தவ சிந்தனையாளர் அகஸ்டினோட கன்ஃபெஷன்ஸ் நூல்லயும் ஆரம்பத்துலயே, கடவுள்கிட்ட போய் சேர்ற வரைக்கும் மனசுக்கு அமைதி இல்லன்னு வருது. ரெண்டு பேருமே ஒரு இலக்கு இருக்கு, அங்க போனாதான் நிறைவுன்னு தானே சொல்றாங்க? அப்ப ஆரம்பகால கிறிஸ்தவர்கள் கிரேக்கர்கள் சொன்னதையே எடுத்து கடவுள் பேரை மட்டும் சேத்துக்கிட்டாங்களா, இல்ல நிஜமாவே புதுசா ஏதாவது சொன்னாங்களா? தெரிஞ்சவங்க விளக்குங்க ப்ளீஸ்.

ஏட்டுப்பிரதி:
எடுத்துக்கிட்டது உண்மைதான், அதை அவங்க மறைக்கவும் இல்ல. பைபிள்ல, இயேசுவைப் பத்தி ஊர் ஊரா போதிச்ச பவுல் ஏதென்ஸ்ல பேசும்போது அராட்டஸ்ங்கற கிரேக்கக் கவிஞரோட வரியையே எடுத்து சொல்றார். ஜஸ்டின் (கிறிஸ்தவ எழுத்தாளர், சுமார் 165ல ரோம்ல கொல்லப்பட்டவர்) தன் கதையை சொல்றத படிங்க, முதல்ல ஒரு ஸ்டோயிக்கிட்ட (நல்ல குணம் இருந்தா போதும், எது வந்தாலும் கலங்க வேண்டாம்ங்கற தத்துவப் பிரிவுக்காரர்) போறார், கடவுளைப் பத்தி அவர்கிட்ட ஒண்ணும் கிடைக்கல, அடுத்து அரிஸ்டாட்டில் வழியில வந்த ஒருத்தர், அவர் சில நாள்லயே ஃபீஸ் எவ்வளவுன்னு பேச ஆரம்பிச்சுடறார், பித்தகோரஸ் வழிக்காரர் இசை, வானியல், ஜியோமெட்ரி மூணும் படிச்சுட்டு வான்னு அனுப்பிடறார், கடைசில பிளேட்டோ, அதுக்கப்புறம்தான் கிறிஸ்தவம். மாறின பிறகும் தத்துவவாதிகள் போடுற மேலங்கியை அவர் கழட்டல. முடிஞ்ச அளவு கடவுளைப் போல ஆகறதுதான் வழின்னு பிளேட்டோவோட தியேட்டட்டஸ்ங்கற நூல்ல வருது, கிறிஸ்தவர்களுக்கு அது ரொம்ப பிடிச்ச யோசனை.

கரையோரம்:
மேல சொன்னது சரி, ஆனா வித்தியாசம் பெருசு. அகஸ்டினோட கடவுளின் நகரம் நூல்ல 19வது புத்தகத்தை எடுங்க. உயர்ந்த நன்மை எதுங்கற கேள்விக்கு மொத்தம் 288 தத்துவப் பிரிவுகள் சாத்தியம்னு வார்ரோங்கற ரோமானிய அறிஞர் கணக்கு போட்டதை அகஸ்டின் சொல்றார். அத்தனை பேரும் நிறைவை இந்த வாழ்க்கைக்குள்ளயே, தங்களோட முயற்சியிலயே தேடினாங்க, தப்பு அங்கதான்ங்கறது அவர் வாதம். தன்னடக்கம்னு ஒரு குணம் எதுக்கு தேவைப்படுது? உள்ளுக்குள்ள ஆசை எதிர்த்து இழுக்கறதாலதான். விவேகம் எதுக்கு? எந்த நேரமும் தப்பா முடிவெடுக்க வாய்ப்பு இருக்கறதாலதான். அப்ப நம்மகிட்ட இருக்கற நல்ல குணமே நாம இன்னும் சண்டைக்களத்துல நிக்கறோம்ங்கறதுக்கு சாட்சி, அதை எப்படி நிறைவுன்னு சொல்றதுன்னு கேக்குறார். ஸ்டோயிக்குகளை இன்னும் கடுமையா கேக்குறார், ஞானி சித்திரவதையிலயும் சந்தோஷமா இருப்பான்னும் சொல்றீங்க, தாங்க முடியலன்னா உயிரை விட்டுடலாம்னும் சொல்றீங்க, தப்பிச்சு ஓட வேண்டியிருக்கற வாழ்க்கை எப்படிங்க சந்தோஷமான வாழ்க்கை ஆகும்னு. எனக்கு இது இன்னிக்கும் பதில் சொல்ல முடியாத கேள்வியா தெரியுது.

இன்னொண்ணு, யாருக்கு இந்த இலக்குங்கறது. அரிஸ்டாட்டில் பத்தாவது புத்தகத்துல ஓய்வோட உக்காந்து சிந்திக்கற வாழ்க்கைதான் உச்சம்னு வைக்கிறார், அடிமைக்கு நல்வாழ்வுல பங்கு இருக்குன்னு யாரும் சொல்ல மாட்டாங்கன்னு அங்கயே எழுதறார். மனுசன் எல்லாருமே கடவுளோட சாயல்னு ஆரம்பிக்கறவங்களால அப்படி எழுத முடியாது.

மணற்குன்று:
கரையோரம், கடைசி பாயின்ட்ல ஸ்டோயிக்குகளுக்கு கொஞ்சம் நியாயம் செய்யணும். ஸ்டோயிக் தத்துவவாதி எபிக்டெட்டஸே அடிமையா இருந்தவர்தான். நான் பறவையா இருந்தா பறவையோட வேலையைச் செய்வேன், பகுத்தறிவுள்ளவனா இருக்கேன், கடவுளைப் பாடறதுதான் என் வேலைங்கறார், இதை எந்த கிறிஸ்தவரும் சந்தோஷமா ஒத்துக்குவாங்க. நிஜமான பிளவு உடம்பு விஷயத்துலதான். ஏதென்ஸ்ல பவுல் செத்தவங்க எழுந்திருக்கறதைப் பத்தி பேச ஆரம்பிச்சதும்தான் சிலர் கேலி பண்றாங்க. பிளேட்டோவுக்கு ஆன்மா உடம்பை விட்டு விடுபடணும், கிறிஸ்தவ ஆயர் இரேனியஸுக்கு (சுமார் 180ல எழுதினவர்) உடம்பும் ஆன்மாவும் சேந்த முழு மனுசன்தான் கடவுளைப் பாக்கணும்.

நீசாவின் கிரகோரியையும் விட்டுடாதீங்க, கிறிஸ்தவ ஆயர், 395 வாக்குல இறந்தவர். மோசேயின் வாழ்க்கைன்னு ஒரு நூல், அதுல கடவுளுக்கு எல்லை இல்ல, அதனால அவரை நோக்கிப் போறதுக்கும் முடிவு இல்ல, வளர்ந்துக்கிட்டே இருக்கறதுதான் மனுசனோட நிறைவுன்னு சொல்றார். அரிஸ்டாட்டில்கிட்ட இது கிடைக்காது.

தேடல்22:
ரொம்ப நன்றி எல்லாருக்கும், 19வது புத்தகத்துல இருந்து ஆரம்பிக்கறேன். ஆனா ஒரு இடம் இடிக்குது. அகஸ்டின் கடைசில அமைதிங்கறார், கிரகோரி நிக்காத பயணம்ங்கறார். ரெண்டும் எப்படி ஒண்ணா சரியா இருக்க முடியும்?

மணற்குன்று:
கிரகோரி அதே நூல்லயே இதைத் தொடறார். பைபிள்ல கடவுள் மோசேயை பாறை மேல நிக்கச் சொல்ற இடம் வரும்ல, அங்க நிக்கறதும் போறதும் ஒண்ணுதான்னு எழுதறார். மணல் மேட்டுல ஏறுறவன் எவ்வளவு எட்டு வச்சாலும் கால் சறுக்கிக்கிட்டே இருக்கும், ஒரு அடி கூட முன்னேற மாட்டான், நன்மையில கால் உறுதியா ஊணினவன்தான் மேல போக முடியும்ங்கறது அவர் பதில். அகஸ்டின் சொல்ற அமைதியை அந்த உறுதியா எடுத்துக்கிட்டா ரெண்டு பேரும் கிட்ட வந்துடறாங்கன்னு நான் நினைக்கறேன், முழுசா ஒத்துப் போறாங்கன்னு சொல்ல மாட்டேன். அந்தப் பகுதி நூலோட ரெண்டாம் பாகத்துல வரும், படிச்சுட்டு எழுதுங்க.