புதுப்பிப்பு: பைப்பர் கப் விமானத்தின் ரப்பர் கயிறுகளை மாற்றியாயிற்று

சேலம் காமலாபுரத்தில் நிற்கும் எங்கள் பைப்பர் கப் இடப்பக்கம் சாய்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். சக்கரக் கால்களின் அதிர்வைத் தாங்கும் ரப்பர் கயிறு தளர்ந்ததே காரணம். இரு பக்கமும் மாற்றிவிட்டோம். பழைய கயிற்றின் நூலுறை பார்வைக்கு நன்றாகவே இருந்தது; உள்ளே ரப்பர் செத்துப்போயிருந்தது. பறக்காமல் நின்றாலும் ரப்பர் முதிரும். வெயிலும் எண்ணெயும் அதை விரைவுபடுத்தும். உறையில் ஓடும் வண்ண நூல்கள் தயாரிப்பு ஆண்டையும் காலாண்டையும் சொல்லும். வாங்கும்போது அவற்றைப் பாருங்கள், விற்பவரின் வாய்ச்சொல்லை நம்பாதீர்கள்.

விமானத்தைத் தூக்கிச் சக்கரங்களின் பாரத்தை நீக்கிய பிறகே வேலை. கயிற்றை இழுத்து மாட்டும் கருவி இல்லாமல் திருப்புளியால் நெம்பவே கூடாது: உறை கிழியும், கயிறு தெறித்தால் கண் போகும். கயிறு அறுந்தாலும் கால் விரியாமல் பிடிக்கும் பாதுகாப்புக் கம்பிவடத்தையும் சோதித்தோம். உரிமம் பெற்ற பொறியாளர் கையொப்பமிட்டுவிட்டார்.