30 கி.மீ. ஓட்டத்தில் 24-க்கு மேல் கால் இழுக்குது: கவுனியா, இடியாப்பமா, எத்தனை கிராம்?

குன்றக்குடி ரோடு:
ஜனவரியில் சென்னையில் முழு மாரத்தான். எடை 60 கிலோ. ஞாயிறு அதிகாலை காரைக்குடியிலிருந்து குன்றக்குடி, பிள்ளையார்பட்டிப் பக்கம் 30 கி.மீ., சுமார் மூன்றேகால் மணி நேரம். 24-க்கு மேல் கால் கனத்து வேகம் விழுது. முதல் நாள் ராத்திரி கவுனி அரிசி, காலையில் வெறும் காபி, வழியில் தண்ணீரும் நீராகாரமும். கிளம்பும் முன்னும் வழியிலும் என்ன சாப்பிடணும், எவ்வளவு? கருப்பட்டி போதுமா, ஓடும்போது உறிஞ்சும் எனர்ஜி ஜெல் பாக்கெட் வாங்கணுமா?

தராசுத்தட்டு:
தம்பி, ஒரு கிலோ எடைக்கு ஒரு கி.மீ.க்கு ஏறக்குறைய 1 கிலோகலோரி செலவு. உங்களுக்கு 30 கி.மீ.க்கு 1800. தசையில் கிளைகோஜன் (உடல் சேமித்து வைக்கும் மாவுச்சத்து) 400 கிராம் போல, ஈரலில் 100 கிராம் போல இருக்கும். அதுவும் முந்தைய நாள் நன்றாகச் சாப்பிட்டிருந்தால்தான். ராத்திரி தூங்கும்போதே ஈரல் இருப்பில் பெரும்பகுதி கரைந்துவிடும். வெறும் காபியோடு ஓடினால் 24-இல் கால் இழுக்காமல் என்ன செய்யும்?

சனிக்கிழமை முழுவதும் சேர்த்து கிலோவுக்கு 7 முதல் 8 கிராம் மாவுச்சத்து, அதாவது 420–480 கிராம். வேகவைத்த சோறு 100 கிராமில் 28 கிராம்தான் இருக்கிறது, ஒரு தட்டை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கவுனி நல்ல அரிசிதான், ஆனால் தவிடு நீக்காதது, நார் அதிகம். வாரநாளில் சாப்பிடுங்கள், சனி ராத்திரி வேண்டாம்.

கிளம்ப இரண்டு மணி நேரத்துக்கு முன் 60–90 கிராம். 75 கிராம் மாவில் பிழிந்த இடியாப்பமும் 20 கிராம் சர்க்கரையும் சேர்ந்தால் 80 வந்துவிடும். தேங்காய்ப்பால் ஊற்ற வேண்டாம். கொழுப்பு வயிற்றை மெதுவாக்கும். கந்தரப்பமும் பணியாரமும் எண்ணெயில் வெந்தவை, அதே சங்கடம்.

முறையூர் சைக்கிள்:
வழியில் குடிக்க: 600 மி.லி. தண்ணீர், சர்க்கரை 30 கிராம், மருந்துக்கடை குளுக்கோஸ் 15 கிராம், உப்பு 1 கிராம், அரை எலுமிச்சை. மொத்தம் 45 கிராம், ஒரு மணி நேரத்துக்கு. கூட ஒரு சின்ன பூவன் பழம் தின்னா 60 பக்கம் வந்துரும். ஸ்பூன்ல அளக்காம சமையல் தராசுல நிறுத்துப் போடுங்க.

ஏன் ரெண்டு இனிப்பு? குளுக்கோஸ் குடல்ல உறிஞ்சப்படுற வாசல் மணிக்கு சுமார் 60 கிராமோட நிரம்பிடும். பிரக்டோஸுக்கு (பழச்சர்க்கரை) தனி வாசல். சர்க்கரையில, அதாவது சுக்ரோஸ்ல, ரெண்டும் பாதிப்பாதி. கருப்பட்டியும் பெரும்பாலும் அதே சுக்ரோஸ்தான். வடிகட்டிட்டுச் சர்க்கரைக்குப் பதிலா போடலாம், ஜெல்லுக்கு அவசியமில்ல. நீராகாரத்துல மாவுச்சத்து ரொம்பக் கம்மி, உப்பும் தண்ணியும்தான்.

முதல் மிடறு 20 நிமிஷத்துல. களைப்பு தெரிஞ்ச பிறகு குடிச்சா வயித்துல தங்கும், காலுக்குச் சேராது. கெட்டியா கரைச்சா குடலுக்குள்ள தண்ணி இழுத்து வயித்துப்போக்கு வரும். ஜெல் எடுத்தா அதுக்கு மேல வெறும் தண்ணி மட்டும்; இந்தக் கரைசலைக் குடிச்சா ரெண்டும் சேர்ந்து கெட்டியாயிரும். மணிக்கு 30 கிராம்ல ஆரம்பிச்சு வாரம் பத்துப்பத்தா ஏத்துங்க, குடலுக்கும் பயிற்சி வேணும்.

தராசுத்தட்டு:
மணிக்கு 90 கிராம் என்று யாராவது சொல்லக் கேள்விப்பட்டு அங்கே தாவ வேண்டாம். அது இரண்டரை மணி நேரத்துக்கு மேல் வேகமாக ஓடி, குடலையும் பழக்கியவர்களுக்கு. நாலரை மணி நேர மாரத்தானுக்கு 50–60 போதும். ஒரு மணி நேரத்துக்குள் முடியும் இலகு ஓட்டத்துக்குத் தண்ணீரே போதும்.

குன்றக்குடி ரோடு:
நன்றிண்ணே. போட்டிக்கு முந்தைய ரெண்டு நாள்? முடிச்ச பிறகு?

முறையூர் சைக்கிள்:
ரெண்டு நாளும் தினம் கிலோவுக்கு 10 கிராம் மாவுச்சத்து, உங்களுக்கு 600. சோறு, இட்லியால மட்டும் அது ஏறாது. வெல்லம் போட்ட பானகம் குடிங்க, ஒரு லிட்டர்ல 100 கிராம் வெல்லம். கீரை, பருப்பு, நெய், கறிக்குழம்பைக் குறைங்க. எடை ஒரு கிலோவோ ரெண்டு கிலோவோ ஏறும். கிளைகோஜன் கூடவே தண்ணியும் சேரும், பயப்பட வேண்டாம்.

முடிச்ச பிறகு, மறுநாளே கடினமான பயிற்சி இருந்தா முதல் நாலு மணி நேரம் மணிக்கு கிலோவுக்கு 1 கிராம். இல்லாட்டி அவசரமே இல்ல, அன்னிக்குள்ள மொத்தக் கணக்கு வந்தா போதும். 20–25 கிராம் புரதம் சேருங்க: மூணு முட்டையும் ஒரு டம்ளர் பாலும். தயிர்சாதம் மட்டும்னா புரதம் பத்தாது. கவுனி அரிசியை அப்ப தாராளமா சாப்பிடலாம்.