சாயங்காலம் மட்டும் மூட மறுக்கும் கேரேஜ் கதவு: மோட்டாரை மாற்றலாமா?

எடிசன்வாசி:
வணக்கம். நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறோம், வீடு வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. இரண்டு கார் கேரேஜ், மேற்குப் பார்த்த வாசல். செப்டம்பர் கடைசியிலிருந்து ஒரே தொல்லை. காலையில் ஆபீஸ் கிளம்பும்போது கதவு ஒழுங்காக மூடிக்கொள்கிறது, சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வந்து அழுத்தினால் ஒரு அடி இறங்கியதும் திரும்ப மேலே ஏறிவிடுகிறது, மோட்டாரில் உள்ள பல்பு பத்துத் தடவை விட்டுவிட்டு எரிகிறது. சுவரில் இருக்கும் பட்டனை விடாமல் அழுத்திப் பிடித்தால் மட்டும் மூடுகிறது. பார்க்க வந்தவர் ஐந்தே நிமிடத்தில் மோட்டார் பழசு, புதுசு போட 750 டாலர் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மேலே குழந்தைகள் தூங்கும் அறை, செயின் சத்தமும் அதிகம்தான். மாற்றிவிடலாமா?

ஸ்பேனர்:
இப்போதைக்கு ஒன்றும் வாங்காதீர்கள். பல்பு பத்து முறை சிமிட்டி, அழுத்திப் பிடித்தால் மூடவும் செய்கிறது என்றால் கீழே இரண்டு பக்கமும் தரையிலிருந்து ஆறு அங்குலத்துக்குள் பொருத்தியிருக்கும் சென்சார் கண்களைத்தான் பார்க்க வேண்டும். 1993இலிருந்து அமெரிக்காவில் வீட்டு மோட்டார்களுக்கு இப்படி ஒரு பாதுகாப்பு கட்டாயம். ஒரு கண் கதிரை அனுப்பும், எதிரில் உள்ளது வாங்கும். நடுவில் குழந்தையோ பூனையோ வந்தால் கதவு இறங்காது. வாங்கும் கண்ணில் சாய்வெயில் விழுந்தாலும் அதற்குக் கதிர் தெரியாமல் போகும். மேகம் மூடிய நாளில் சரியாக மூடுகிறதா? இன்று மாலை பச்சை விளக்கு உள்ள கண்ணைக் கவனியுங்கள், அதுதான் வாங்கும் கண். அதுவரை பட்டனை அழுத்திப் பிடித்து மூட வேண்டாம், அப்படிச் செய்யும்போது கீழே யார் நின்றாலும் கதவு இறங்கிவிடும்.

எடிசன்வாசி:
நீங்கள் சொன்னதேதான்! ஐந்தரைக்குக் குனிந்து பார்த்தேன், வடக்குப் பக்கக் கண்ணின் கண்ணாடியில் வெயில் பளிச்சென்று அடிக்கிறது, பச்சை விளக்கு துடித்துக்கொண்டே இருந்தது. வெளிப்பக்கம் உள்ளங்கையை வைத்து நிழல் கொடுத்ததும் அசையாமல் எரிந்தது. போன வாரம் மழை பெய்த இரண்டு நாளும் கதவு மூடியதும் இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

ஸ்பேனர்:
அப்போ இரண்டு கண்களையும் இடம் மாற்றிப் போடுங்கள், வாங்கும் கண் நிழல் பக்கம் போய்விடும். மோட்டாரின் பிளக்கை எடுத்துவிட்டுச் செய்யுங்கள். அடுத்த கோடையில் அந்தப் பக்கமும் வெயில் வந்தால் டாய்லெட் பேப்பர் சுருளின் நடு அட்டைக் குழாயை இரண்டு அங்குலம் வெட்டிக் கண்ணுக்கு முன் ஒட்டினால் போதும்.

பார்சிப்பனி அக்கா:
தம்பி, இதோடு விட்டுவிடாதீர்கள், கதவின் கனத்தையும் ஒருமுறை பாருங்கள். 2012 சாண்டி புயலில் எங்களுக்கு நாள்கணக்கில் கரண்ட் இல்லை, மோட்டாரிலிருந்து தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்துக் கதவைக் கையால் தூக்கப் போனபோதுதான் ஸ்பிரிங் எவ்வளவு தளர்ந்திருந்தது என்றே தெரிந்தது, நானும் கணவரும் சேர்ந்தும் இடுப்பு உயரத்துக்கு மேல் தூக்க முடியவில்லை. பாரத்தைச் சுமப்பது ஸ்பிரிங்தான், மோட்டார் தள்ளிவிடுவதோடு சரி. கதவு மூடியிருக்கும்போது மட்டும் கயிற்றை இழுத்து, பாதி உயரத்துக்குத் தூக்கி மெதுவாகக் கையைத் தளர்த்துங்கள். அங்கேயே நின்றால் நல்லது. சாதாரண ஸ்பிரிங்குக்கு 10,000 தடவை திறந்து மூடுவதுதான் ஆயுள், நாளைக்கு நான்கு முறை என்றால் ஏழு வருடம்கூட வராது. தளர்ந்திருந்தால் நீங்கள் ஸ்குருவைத் தொடவே கூடாது, முறுக்கி வைத்த ஸ்பிரிங் நழுவினால் கை எலும்பை முறித்துவிடும். வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.
அப்புறம் கீல், ரோலர், ஸ்பிரிங் மூன்றுக்கும் வருடத்துக்கு இரண்டு முறை சிலிக்கான் ஸ்ப்ரே அடித்தால் பாதிச் சத்தம் போய்விடும். தண்டவாளத்துக்கு அடிக்காதீர்கள், துணியால் துடைத்தால் போதும்.

எடிசன்வாசி:
கண்களை மாற்றிப் போட்டு மூன்று நாள் ஆகிறது, சாயங்காலமும் முதல் தடவையிலேயே மூடுகிறது. ஆனால் அக்கா, கையைத் தளர்த்தியதும் கதவு சரசரவென்று இறங்கப் பார்த்தது, நல்லவேளை பிடியை விடவில்லை. ஸ்பிரிங் மாற்ற சனிக்கிழமை ஒருவர் வருகிறார். இரண்டு ஸ்பிரிங்கில் ஒன்றை மட்டும் மாற்றலாமா?

பார்சிப்பனி அக்கா:
இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒரே வயசு, ஒன்று போனால் மற்றதும் சீக்கிரம் போகும். சத்தத்துக்காக மோட்டார் வாங்கும் நாள் வந்தால் பெல்ட் ஓடுவதாக, பேட்டரி உள்ளதாகப் பாருங்கள். வேலை முடிந்ததும் ஒரு இரண்டுக்கு நாலு அங்குல மரக்கட்டையைத் தரையில் படுக்கையாக வைத்து மூடிப் பாருங்கள், பட்டவுடன் கதவு திரும்ப ஏற வேண்டும். ஏறாவிட்டால் சரிசெய்யாமல் அவரை அனுப்பாதீர்கள்.