லினோவுக்குப் பதிலாக மென்மையான ரப்பர் ஷீட்: எட்டாம் வகுப்புக்குச் சரிப்படுமா?

கேள்வி (ஓவிய ஆசிரியை, கும்பகோணம்):

வணக்கம். போன வருடம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு லினோகட் (லினோ ஷீட்டில் படத்தைச் செதுக்கி, மேடாக நிற்கும் இடத்தில் மை தடவித் தாளில் அச்செடுப்பது) ஆரம்பித்தேன். வாங்கி வந்த லினோ பழைய சரக்கு போலிருக்கிறது, பலகை மாதிரி விறைத்துக் கிடந்தது. மூன்றாம் நாளே ஒரு பையனுக்கு உளி வழுக்கி இடது கட்டைவிரலில் இரண்டு தையல். அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அதோடு நிறுத்திவிட்டேன்.

அழிரப்பர் போல மெத்தென்று இருக்கும் செதுக்கு ஷீட்டை வாங்கச் சொல்கிறார்கள். பொங்கல் வாழ்த்து அட்டை போடத்தான். மெல்லிய கோடு நிற்குமா? ஆயில் மையை மண்ணெண்ணெயில் துடைக்கலாமா?

பதில் (பதினோரு வருடமாக அச்சு போடுகிறேன்):

டீச்சர், தாராளமாக வாங்குங்கள். லினோ என்பது ஆளிவிதை எண்ணெய், பிசின், கார்க் தூள் எல்லாம் சேர்த்துச் சணல் துணிமேல் படிய வைத்தது. எண்ணெய் காற்றுபட்டு வருடக்கணக்கில் இறுகிக்கொண்டே போகும். மிச்சமிருக்கும் லினோவைத் தூக்கிப் போடாதீர்கள். பத்து நிமிடம் வெயிலில் வைத்துவிட்டு, சூடு ஆறுவதற்குள் வெட்டிப் பாருங்கள். வெட்டு எவ்வளவோ இளகியிருக்கும்.

ரப்பர் ஷீட்டில் கவனிக்க வேண்டியது கோடு. மெல்லிய கோட்டை மேடாக விட்டால், மை ரோலர் ஏறும்போதே அது சாய்ந்துவிடும். வயல் வரப்பை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே குறுகல், அடியில் அகலம். உளியைச் சாய்த்து, கோட்டின் இரு பக்கமும் சரிவாக வெட்ட வேண்டும். அடியைக் குடைந்துவிட்டால் நாலு பிரதிக்குள் கோடு பிய்ந்துவிடும்.

பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வழி, கோடு வரவேண்டிய இடத்தையே வெட்டச் சொல்வது. வெட்டிய இடம் வெள்ளையாக வரும், மற்றதெல்லாம் கறுப்பு. 1930 தண்டி யாத்திரையை வைத்து ஓவியர் நந்தலால் போஸ் லினோவில் வெட்டிய காந்தி படத்தை வகுப்பில் காட்டுங்கள். கறுப்புக்குள் வெள்ளைக் கோடுகள்தான், ஆனால் தடியூன்றி நடக்கிற வேகம் அப்படியே தெரியும். மெத்தென்ற ஷீட்டுக்கு அந்த முறைதான் பொருந்தும். சாய்ந்துபோக அங்கே மேடான கோடே கிடையாது.

அச்சு பிரஸ்ஸில் விடாதீர்கள். என் கொக்குப் படத்தை அப்படி விட்டேன், ஷீட் நசுங்கிப் பரந்து கால் இரண்டும் தடித்து வந்தது. தாளைப் போட்டு எவர்சில்வர் கரண்டியின் முதுகால் தேய்த்தாலே போதும்.

மண்ணெண்ணெய் கூடவே கூடாது. ரப்பர் பிசுபிசுத்துப்போகும். துணியில் கொஞ்சம் சமையல் எண்ணெய் தொட்டு மையைத் துடைத்துவிட்டு, சோப்பு போட்டுக் கழுவுங்கள். காகிதத்தில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் ஸ்கேல்மேல் வைத்த என் ஷீட் இரண்டு மாதத்தில் அதோடு ஒட்டிக்கொண்டது.

ஷீட் மெத்தென்றிருந்தாலும் உளி உளிதான். ஷீட் நகராமலிருக்க, மேசை விளிம்பில் மாட்டுகிற மரத்தடுப்பு ஒன்று செய்துகொள்ளுங்கள். பிடிக்கிற கை எப்போதும் உளிக்குப் பின்னால் இருக்கட்டும்.

பதில் (துணிப்பையில் அச்சு போடுகிறவர்):

எழுத்து வெட்டுவதாக இருந்தால் ஒன்று சொல்கிறேன். டிரேசிங் பேப்பரில் பென்சிலால் நேராக எழுதி, கவிழ்த்து வைத்து நகத்தால் தேய்த்தால் ஷீட்டில் தானாகவே தலைகீழாக, அதாவது கண்ணாடியில் தெரிவதுபோல் பதியும். ‘பொங்கல்’ என்பதில் இரண்டு புள்ளி வருகிறது. அதை மேடாக விட்டால் சின்ன குமிழ் மாதிரி நின்று முதலில் அதுதான் உதிரும். எழுத்தையே பள்ளமாக வெட்டினால், பேனா முனையால் குத்தி ஒரு திருப்பு திருப்பினாலே புள்ளி வந்துவிடும்.

கேள்வி கேட்டவர்:

ரொம்ப நன்றி இருவருக்கும். ஒரு துண்டு வாங்கிக் கரும்பும் பானையும் வெட்டிப் பார்த்தேன். வெண்ணெயில் கரண்டி போவது போல உளி போகிறது. ஆனால் தண்ணீர் மை முதல் தடவை திட்டுத்திட்டாக, முத்து முத்தாக நின்றது. ஷீட்டில் குறையா?

பதில் (பதினோரு வருடமாக அச்சு போடுகிறேன்):

குறை இல்லை டீச்சர். புது ஷீட் வழவழவென்று இருக்கும். சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். அப்படியும் மை பிடிக்காவிட்டால் நைசான உப்புத்தாளால் லேசாக ஒரு தேய்ப்பு. முதல் இரண்டு பிரதியைக் கணக்கில் சேர்க்காதீர்கள், மூன்றாவதிலிருந்து கறுப்பு நிறைந்து வரும்.