காஸ்டிக்கில் கழுவிய வார்ப்பு அலுமினியம் கறுக்கிறதே, அந்தக் கறுப்புக்கு என்ன பெயர்?

அனைவருக்கும் வணக்கம்.

கார் பாகங்களைச் சுத்தம் செய்யும் கையேட்டில் ஒரு சொல் இடறுகிறது. வால்வு கவர், இன்டேக் மேனிஃபோல்டு, கியர்பாக்ஸ் ஹவுசிங் போன்ற வார்ப்பு அலுமினிய பாகங்களைக் காஸ்டிக் சோடா கலந்த டீகிரீசரில் ஊறவைத்தால் எண்ணெய் போய்விடும். ஆனால் பாகம் முன்பைவிடக் கறுத்து வெளியே வரும். இந்தக் கறுப்பை ஆங்கிலத்தில் ஸ்மட் என்கிறார்கள். ‘கரிப்படலம்’ என்று வைத்திருக்கிறேன். பொருந்துமா?

———

> ‘கரிப்படலம்’ என்று வைத்திருக்கிறேன்

வேண்டாம். அதில் கரியே இல்லை.

அலுமினியம் அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். அதைக் காக்கும் ஆக்சைடு தோல் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) ஏறத்தாழ 4 முதல் 8.5 வரைதான் தாக்குப்பிடிக்கும். காஸ்டிக் அந்தத் தோலைக் கரைத்துவிட்டு உலோகத்தையே தின்னத் தொடங்கும். கொப்பளித்து வருவது ஹைட்ரஜன். அதனால்தான் மூடிய பாத்திரத்தில், நெருப்புக்குப் பக்கத்தில் இதைச் செய்யக் கூடாது. வார்ப்புக்குப் பயன்படும் ஏடிசி12 கலவையில் சிலிக்கன் 9.6 முதல் 12 சதவீதம், செம்பு 1.5 முதல் 3.5 சதவீதம். அலுமினியம் கரைந்து போக, இவை பெரும்பாலும் கரையாமல் நுண்துகளாக மேலே நின்றுவிடுகின்றன. நாம் பார்க்கும் கறுப்பு அதுதான். ஜன்னல் சட்டங்கள் செய்யும் 6063 கலவையில் சிலிக்கன் 0.2 முதல் 0.6 சதவீதமே என்பதால் அது இந்த அளவுக்குக் கறுப்பதில்லை.

‘கரி’ என்று படித்தவர் எண்ணெய் இன்னும் போகவில்லை என்று நினைத்து மறுபடியும் காஸ்டிக்கில் போடுவார். இன்னும் உலோகம் கரையும், கறுப்பு இன்னும் தடிக்கும், கேஸ்கெட் உட்காரும் முகமும் மரைகளும் அளவு கெடும். தவறான பெயரால் பாகமே வீணாகும்.

‘படிவு’ என்றும் வைக்க வேண்டாம். வெளியிலிருந்து வந்து படிவதற்குத்தான் படிவு என்று பெயர். இது உள்ளே இருந்தது. ‘எச்சப்படலம்’ என்றால் என்ன?

———

எச்சம் என்பது பொருளளவில் மிகச் சரி. பெயரெச்சம், வினையெச்சம் என்று இலக்கணத்திலும் எஞ்சி நிற்பதற்குத்தான் அந்தப் பெயர். ஆனால் இது கார் பற்றிய கையேடு. காரில் எச்சம் என்றாலே பறவை எச்சம்தான் நினைவுக்கு வரும். பெயின்ட் பராமரிப்புப் பகுதியில் அதே சொல் அந்தப் பொருளில் வேறு வருகிறது.

‘கசடு’ உலைக் கசடுக்குப் போய்விட்டது. கரைந்த பிறகு மிஞ்சுவது என்பதால் ‘கரைமிச்சம்’ என்று யோசித்தேன். காதில் விழும்போது கரையும் கறையும் ஒன்றாகிவிடுகின்றன. கறை நீக்கும் கையேட்டில் அந்தக் குழப்பம் கூடாது.

———

மிச்சத்தை விடாதீர்கள். முன்பகுதியை மட்டும் மாற்றுவோம்: ‘அரிமிச்சம்’.

அமிலமும் காரமும் உலோகத்தைத் தின்பதை அரித்தல் என்றே சொல்கிறோம். ஆற்று மணலை அரித்துப் பொன் எடுப்பதும் அரித்தல்தான். நீர் மணலைக் கொண்டுபோகும், கனமானது தட்டில் தங்கும். இங்கே காஸ்டிக் அலுமினியத்தைக் கொண்டுபோகிறது, சிலிக்கனும் செம்பும் தங்குகின்றன. சொல்லைப் பிரித்தாலே நடந்தது விளங்கும். நிறத்தைச் சொல்லாததும் நல்லதே, ஏனெனில் சில கலவைகளில் இது சாம்பல் நிறமாகவே இருக்கும்.

அலுமினிய பாகங்களில் காணும் மற்ற இரண்டு கறைகளுக்கும் பெயர் பிரித்துவிடுங்கள். சூட்டில் காய்ந்து பழுப்பாக ஒட்டியது ‘எண்ணெய்க்கரி’. ஈரமும் உப்பும் பட்டு வெள்ளைப் பொடியாகக் கிளம்புவது ‘வெண்பூப்பு’. வேறுபடுத்த ஒரு வெள்ளைத் துணி போதும். ஈரத் துணியால் தேய்த்தவுடன் கறுப்பாக ஒட்டிக்கொண்டு வந்தால் அரிமிச்சம். ஈரத் துணிக்கு அசையாமல் கார்புரேட்டர் கிளீனருக்கு இளகினால் எண்ணெய்க்கரி.

———

அரிமிச்சம் எனக்கும் பிடித்திருக்கிறது. வாக்கியத்தில் நிற்கிறதா என்று கையேட்டுப் பகுதியைத் திருத்தி எழுதினேன்:

“எஃகு போல்ட், பேரிங், ரப்பர் சீல் அனைத்தையும் கழற்றவும். தடித்த பிசுக்கை மரச் சீவலால் சுரண்டி, மண்ணெண்ணெயில் நைலான் பிரஷ்ஷால் தேய்க்கவும். பிறகு பிஎச் நடுநிலையான சோப்புக் கரைசலை வெதுவெதுப்பான நீரில் கலந்து கழுவவும். இந்த வரிசையில் செய்தால் அரிமிச்சம் உருவாகவே உருவாகாது. காஸ்டிக் பட்டு ஏற்கெனவே உருவாகியிருந்தால், நன்றாக அலசிவிட்டு, பாஸ்போரிக் அமிலம் கலந்த அலுமினிய கிளீனரைப் புட்டியில் உள்ள அளவுப்படி நீர்க்கச் செய்து பூசி, காயவிடாமல் நைலான் பட்டையால் தேய்க்கவும். சிலிக்கன் இந்த அமிலத்தில் கரையாது, தேய்ப்பதால்தான் வரும். எஃகுக் கம்பி பிரஷ் கூடாது: இரும்புத் துகள் நுண்துளைகளில் பதிந்து, பின்னர் துருப்பிடித்துப் பழுப்புப் புள்ளியாகும். அலசியதும் மரைத் துளைகளில் நிற்கும் நீரைக் காற்றடித்து வெளியேற்றவும்.”

———

நன்றாக நிற்கிறது. இரண்டு திருத்தங்கள்.

வரையறையில் ‘காரத்தில் ஊறியபின்’ என்று மட்டும் எழுதாதீர்கள். அலுமினியத்தை அரிக்கும் அமிலத்தில் வைத்தாலும் அரிமிச்சம் வரும். ‘அலுமினியக் கலவை அரிக்கப்படும்போது கரையாமல் மேற்புறத்தில் எஞ்சும் நுண்துகள் படலம்’ என்று இரண்டையும் அடக்கிவிடுங்கள்.

அடுத்தது, ‘அரிமிச்ச நீக்கி’ என்ற பதிவின் கீழ் எச்சரிக்கை அவசியம். தொழிற்சாலைகளில் நைட்ரிக் அமிலத்துடன் ஃபுளோரைடு உப்பைச் சேர்ப்பார்கள். சிலிக்கனையும் கரைப்பது அந்த ஃபுளோரைடுதான். அந்தக் கலவையில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் உண்டாகும். அது தோலுக்குள் இறங்கி உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். நீர்த்த நிலையில் பட்டால் வலி பல மணி நேரம் கழித்தே தெரியவரும். சொல்லுக்கு விளக்கமாக இதை எழுதலாம், செய்முறையாக எழுத வேண்டாம்.